பங்காளிப் பகை வேற, ஏரியாப் பகை வேற

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: கிராமத்துக் குடும்பம் ஒரு பக்கமும் நகரத்துக் கூட்டம் ஒரு பக்கமும் நின்று வெட்டிக்கொள்ளும் படங்கள் தமிழில் ஏன் இத்தனை? அப்பாவுக்காக, தங்கச்சிக்காக, நண்பனுக்காக என்று யாருக்காகவாவது ஒருவன் அரிவாளைத் தூக்கிக்கொண்டே இருக்கிறான். வடசென்னையை வைத்து வந்த படங்களும் இதே சரக்குதானா? பார்ப்பதென்றால் எதில் ஆரம்பிப்பது?

ஒரே சரக்கு இல்லை. ஊர்ப் படத்தில் யார் எதிரி என்று ஊருக்கே தெரியும், எப்போது வெட்டுவான் என்பதுதான் கதை. வடசென்னைப் படத்தில் யார் எதிரி என்பதே கதை. இதுதான் என் பதில். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம். சில படங்களின் முடிச்சை அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் தண்டையார்பேட்டை. அப்பா கமுதிப் பக்கத்திலிருந்து ஹார்பரில் மூட்டை தூக்க வந்தவர். ஆக எனக்கு ஊரும் உண்டு, ஏரியாவும் உண்டு. 2003-லிருந்து ஆறு வருஷம் வடசென்னைத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தேன். அப்போது பெட்டி பெட்டியாக ஃபிலிம்தான். ஒரு ரீல் சுமார் இருபது நிமிஷம். முடியப்போகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டும், உடனே அடுத்த மிஷினை ஓடவிட வேண்டும். சில நொடியில் இன்னொரு புள்ளி, அப்போது மாற்றிவிட வேண்டும். ஜனங்கள் ஹீரோ முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற நேரத்தில் அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்ப்பேன். எந்த இடத்தில் விசில், எந்த இடத்தில் எழுந்து வெளியே போகிறான், எந்த இடத்தில் சத்தமே இல்லை என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். நான் படம் படித்தது அப்படித்தான்.

முதலில் ஊர்ப் பகை. இது புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டு மொய் நோட்டைப் பார்க்க வேண்டும். அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள், நாலு நோட்டு. எங்கள் பக்கத்தில் செய்முறை என்போம். யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார், பணமா, வேட்டி துண்டா, கிடாயா என்று எல்லாம் அதில் இருக்கும். வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியவர் செத்துப் போனால் பிள்ளை செய்ய வேண்டும். கணக்கு ஆளோடு போகாது, வீட்டோடு நிற்கும். கிராமத்துப் பழிவாங்கல் படம் முழுக்க இந்த நோட்டின் மறுபக்கம்தான். அங்கே ஒரு தலை போனால் இங்கே வரவு எழுதப்படும். தாத்தன் பெற்றதைப் பேரன் திருப்பிக் கொடுப்பான். கொடுக்காமல் விட்டால் அது மன்னிப்பு ஆகாது, மரியாதைக் குறைவு. எங்கள் அப்பா வீட்டிலும் ஒரு வரப்புத் தகராறு இருந்தது. யாரும் யாரையும் வெட்டவில்லை. செய்முறை நின்று போனது, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் அந்த வீட்டுப் பெயருக்கு எதிரே நோட்டில் ஒன்றுமே இல்லை. நிஜத்தில் பகை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சினிமாவுக்கு அது போதாது என்பதால் அரிவாளைக் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் அரிவாளும் இல்லை. 1972-ல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில் ஊரும் நகரமும் மோதுகின்றன, ஆனால் மோதுவது புருஷனும் பொண்டாட்டியும். சிவாஜி ஊர், ஜெயலலிதா பட்டணம். சண்டை சடையைப் பற்றி, உடுப்பைப் பற்றி, அடக்கத்தைப் பற்றி. இன்றைக்குப் பார்த்தால் பெண்ணை அடக்குகிற கதை என்று பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், சொல்லிவிடுகிறேன். பிறகு பாரதிராஜா 1977-ல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது பட்டணத்துக்காரன் ஊசி போடுகிற மாட்டு டாக்டராக வந்து ஊர்ப் பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போகிறான். கத்தியெல்லாம் எதற்கு, நல்ல சட்டையும் இங்கிலீஷும் போதும். 1993-ல் அவரே எடுத்த ‘கிழக்குச் சீமையிலே’யில் நகரமே தேவைப்படவில்லை. கூடப்பிறந்தவனுக்கும் கட்டினவனுக்கும் நடுவில் ராதிகா நசுங்குவது போதுமானதாக இருந்தது. சம்பந்தி வீட்டுப் பகையை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த வகைக்கு அஸ்திவாரம் 1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’. கமல் எழுதினார், பரதன் இயக்கினார். லண்டனில் படித்த மகன் காதலியோடு ஊருக்கு வருகிறான். சென்னையில் ஓட்டல் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பூட்டிக் கிடக்கிற கோயிலைத் திறக்கிறான். அவ்வளவுதான், ஊர் இரண்டாகிறது. எதிரி மாயன் யார்? சித்தப்பா மகன். பங்காளி. ஒரே தாத்தன் வீட்டுச் சோறு. இங்கே கவனிக்க வேண்டியது, மாயன் ஒளிந்து நிற்பதே இல்லை. பஞ்சாயத்தில் எதிரே உட்கார்ந்து நேருக்கு நேர் பேசுகிறான். கண்மாய்க் கரை உடைந்தால் யார் ஆள் உடைத்தது என்று சொல்லாமலே தெரியும். கோயில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஆரம்பிக்கும் பகை இப்படித்தான் இருக்கும், எல்லாரும் பார்க்கிற மாதிரி. எங்கள் குலசாமி கோயில் மாசிக் களரித் திருவிழாவில் காளாஞ்சி, அதாவது கோயில் மரியாதைத் தட்டு, யார் கையில் முதலில் போகிறது என்பதைப் பார்க்கவே சில பெரிசுகள் சென்னையிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். சாமி கும்பிட வருகிறார்கள் என்று நான் சின்னதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘தேவர் மகன்’ சாதிப் பெருமையை ஏற்றிவிட்ட படம் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. படம் கடைசியில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்கிறது. பார்த்தவர்களில் பலர் மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஊர்க் குடும்பம் எதிர் நகரம் என்று நீங்கள் கேட்கிற அச்சு அசலான வகை 2004, 2005-ல்தான் வேகம் பிடித்தது. அதற்கு ஒரு தெலுங்கு வேரும் இருக்கிறது. ராயலசீமைப் பக்கத்துக் கோஷ்டிப் பகையான ஃபேக்‌ஷன் சண்டையை வைத்து அங்கே வரிசையாகப் படங்கள் வந்தன. சுமோக்கள் வரிசையாக வரும், வெள்ளைச் சட்டைகள் இறங்கும், நாட்டு வெடிகுண்டு வெடிக்கும். 2003-ல் குணசேகர் எடுத்த ‘ஒக்கடு’வில் கர்நூல் பகைக்குள் ஹைதராபாத் கபடிப் பையன் ஒருவன் போய் விழுந்தான். அதைத்தான் தரணி அடுத்த வருஷம் ‘கில்லி’ ஆக்கினார். கர்நூல் மதுரை ஆனது, ஹைதராபாத் சென்னை ஆனது. 2024-ல் மறுபடி வெளியிட்டபோது அப்போது பிறந்திராத பசங்களெல்லாம் வசனத்தைக் கூடவே சொன்னார்கள். முத்துப்பாண்டி பிரமாதமான வில்லன், சந்தேகமே இல்லை. தனலட்சுமியின் அண்ணன்களைக் கொன்றவன் அவன், அவளையே கட்டவும் துடிக்கிறான். ஆனால் படத்தின் சூட்சுமம் அவனிடம் இல்லை. கபடிப் பையன் வேலு அந்தப் பெண்ணைத் தன் வீட்டு மாடியறையில், போலீஸ்கார அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறான் பாருங்கள், அங்கே இருக்கிறது. மதுரைக் குடும்பத்தில் அப்பா மந்திரி, அம்மா, மகன் எல்லாரும் ஒரே கட்சி. சென்னைக் குடும்பத்தில் அப்பனும் மகனும் ஆளுக்கொரு கட்சி, தங்கச்சி உளவாளி. அந்த வீட்டை நகரத்துக்காரன் தன் வீடாகவே பார்த்தான்.

அதே ஓட்டத்தில் 2005-ல் ‘சண்டக்கோழி’. லிங்குசாமி இதைத் திருப்பிப் போட்டார். சிதம்பரத்தில் சாதுவாகத் திரியும் பையனிடம் அடிவாங்கிய காசி பழி தீர்க்க அவன் ஊருக்கே வருகிறான், வந்து பார்த்தால் அது ராஜ்கிரண் வீடு. யாரைத் தொட்டோம் என்று தெரியாமல் தொட்டவன் கதை. ராஜ்கிரண் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே எங்கள் தியேட்டரில் விசில் பறந்தது.

இப்போது ‘திருப்பாச்சி’. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேரரசு இயக்கம், 2005 பொங்கல். திருப்பாச்சி என்பது சிவகங்கைப் பக்கம் அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரில் அரிவாள் அடிக்கிற அண்ணன், தங்கச்சியைச் சென்னையில் கட்டிக்கொடுக்கிறான். நகரத்து ரவுடிகளால் தங்கச்சி வாழ்க்கைக்கு ஆபத்து, நண்பன் ஒருவன் செத்தே போகிறான். பட்டாசு பாலு, பான்பராக் ரவி, சனியன் சகடை என்று மூன்று பேர். அண்ணன் வருகிறான், ஒவ்வொருத்தனாக முடிக்கிறான்.

பொங்கல் அன்று அந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் வரிசை முழுக்க எங்கள் பசங்க. காசிமேடு, புதுமனைக்குப்பம், வ.உ.சி. நகர். திரையில் ரவுடி பேசுகிற பாஷை எங்கள் பாஷை. ‘இன்னா’ என்கிறான், ‘கய்தே’ என்கிறான், எங்கள் வீட்டு வாசலில் பேசுகிற மாதிரியே. அவனை வெட்ட ஊரிலிருந்து ஒருத்தன் வருகிறான். எங்கள் பசங்க எழுந்து நின்று விசில் அடிக்கிறார்கள், வெட்ட வந்தவனுக்கு. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. நானும்தான் ரசித்தேன். ராத்திரி சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஒரு மாதிரி உறுத்தியது. அதற்கு முன்னால் எங்கள் பாஷை சிரிப்புக்கு இருந்தது. சந்திரபாபு பேசினால், லூஸ் மோகன் பேசினால் ஜனம் சிரித்தது. பிறகு அது வில்லன் பாஷை ஆனது. ஊர்க் குடும்பம் பாசத்துக்கு, நகரத்துக் குடிசை பாவத்துக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. சனியன் சகடைக்கு ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளைக் காட்ட யாருக்கும் ஒரு ரீல் கிடைக்கவில்லை.

2007 தீபாவளிக்கு ஒரே நாளில், நவம்பர் 8, இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஹரியின் ‘வேல்’. சூர்யாவுக்கு இரட்டை வேடம். ஒருத்தன் சென்னையில் துப்பறிகிறவன், இன்னொருத்தன் திண்டுக்கல் பக்கம் தன்னை எடுத்து வளர்த்த குடும்பத்துக்காக நிற்கிறவன். இதில் ஒரு விசேஷம், அவனுடைய விசுவாசம் பெற்ற வீட்டுக்கு அல்ல, சோறு போட்ட வீட்டுக்கு. உப்பிட்ட கடன் ரத்தத்தைவிடப் பெரிது என்று ஊர்ப் படமே ஒத்துக்கொள்கிற இடம் அது. மற்றபடி வழக்கமான ஹரி படம், வண்டியும் வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று ஒரு புது ஆள் எடுத்தது, ‘பொல்லாதவன்’. ஒரு பல்சர் பைக் தொலைகிறது. அதைத் தேடிப் போகிறவன் ஒரு அண்ணன் தம்பி கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்கிறான். கிஷோர் நடித்த செல்வம் அளந்து பேசுகிற ஆள். டேனியல் பாலாஜி நடித்த தம்பி ரவிக்கு அவசரம், தன்னையும் பெரிய ஆள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். ரவுடிக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள், தம்பியைப் பற்றிய கவலை இருந்தது. அந்தக் கவலையை அவன் முகத்தில் பார்த்த அன்றைக்கு எங்கள் தியேட்டரில் சில இடங்களில் சத்தமே வரவில்லை. சத்தம் வராததை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆபரேட்டர் அண்ணன் படம் ஓடாது என்றார். ஓடியது. வெற்றிமாறன் என்ற பெயரை அன்றைக்குத்தான் போஸ்டரில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

சரி, வடசென்னையில் குலம், கோத்திரம், பங்காளி என்பதெல்லாம் என்னவாக இருக்கிறது? இங்கே வந்தவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். மீனவர் குப்பங்களைத் தவிர. அவர்கள்தான் பூர்வீகம், அவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தும் உண்டு. மற்றவர்கள் ஹார்பருக்கு, ரயில்வேக்கு, பின்னி மில்லுக்கு வந்தவர்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், ஆந்திராக்காரர்கள், தென்பாண்டிச் சீமையிலிருந்து மளிகைக்கடை போட வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். 1983-ல் ஹார்பரில் கண்டெய்னர் முனையம் வந்தது, மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. 1996-ல் பின்னி மூடியது. வேலை கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போக, மிஞ்சியது தெருவும் அதில் கூடவே வளர்ந்தவனும். அதனால் இங்கே உறவுப் பெயர்களே இடம் மாறிவிட்டன. கமுதியில் மச்சான் என்றால் அத்தை மகன், அக்கா புருஷன், பொண்ணு கொடுத்தவன். முறை தவறிக் கூப்பிட முடியாது. தண்டையார்பேட்டையில் மச்சான் என்றால் கூட கேரம் ஆடுகிறவன். ‘மாமா’ என்று இங்கே தெரியாதவனைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் மின்ட் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை தெரிந்துகொண்டான்.

அப்பா இறந்த அன்று இது எனக்கு முழுசாகப் புரிந்தது. காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. ஏழு மணிக்குள் ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் வந்துவிட்டன. நான் யாரிடமும் சொல்லவில்லை, பணமும் கொடுக்கவில்லை. அப்பாவோடு மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகள், எதிர் பிளாக் பசங்க. அதில் ஒருத்தன் மேல் நாலைந்து கேஸ் இருந்தது, அவன்தான் அம்மாவுக்குக் காபி வாங்கிவந்து கையில் கொடுத்துக் குடிக்க வைத்தான். ராத்திரி கானா பாடினார்கள். ஆனால் மறுநாள் எடுக்க முடியவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைக்குப் பங்காளி வேண்டும் என்றார் ஊரிலிருந்து வந்த பெரியவர். ஏரியாவில் நூறு பேர் நிற்கிறார்கள், ஒருத்தனும் அதற்கு ஆக மாட்டான். பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. பதினெட்டு வருஷம் செய்முறை இல்லாத அந்த வீட்டிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே குடத்தை எடுத்தார்கள். காரியம் முடிந்ததும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பகை அப்படியே இருந்தது, கடமையும் அப்படியே இருந்தது. ஊர்ப் படத்தில் இந்த இரண்டாவது பாதியை யாராவது எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏரியா உறவு அப்படியில்லை. அது நீங்களாகத் தேர்ந்தெடுத்தது. அதனாலேயே அதை உடைக்கவும் முடியும். வடசென்னைப் படங்களின் நரம்பு இதுதான்.

‘சார்பட்டா பரம்பரை’யை எடுத்துக்கொள்ளுங்கள், 2021. ரஞ்சித் இயக்கம். பெயரிலேயே பரம்பரை இருக்கிறது, ஆனால் ரத்தம் இல்லை. சார்பட்டா, இடியாப்பர் என்பதெல்லாம் குத்துச்சண்டை வாத்தியார் வழி. எந்த வாத்தியாரிடம் கையில் துணி சுற்றிக்கொண்டாயோ அதுதான் உன் குலம். பசுபதியின் ரங்கன் வாத்தியார் பெற்ற மகன் வெற்றியை ஒதுக்கிவிட்டு வேறொருவனைக் களத்துக்கு நிறுத்துகிறார். கமுதிக் கதையில் இது நடக்கவே நடக்காது, மகன் இருக்கும்போது வேறு கைக்குப் பட்டம் போகாது. இங்கே தகுதிதான் வாரிசு. அதன் விலையும் உடனே தெரிகிறது, மகன் மனதில் கசப்பு ஏறுகிறது. எதிர்ப் பரம்பரையின் வேம்புலியைவிட கதாநாயகன் கபிலனை அதிகம் சாய்ப்பது கூட இருப்பவர்களின் வயிற்றெரிச்சலும் அவன் சொந்தக் குடியும்தான். நடுவில் 1976 ஜனவரி 31, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட நாள், போலீஸ் ரிங்குக்கே வந்து வாத்தியாரைக் கூட்டிப்போகிறது. ஒரு கூட்டம் தகப்பன் இல்லாமல் நிற்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். படத்தில் வேகமாகச் சுழலும் அந்த டான்சிங் ரோஸ் சண்டையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், எனக்கும் பிடிக்கும். அதைவிட, குத்துச்சண்டை வேண்டாம் என்று துடைப்பத்தை எடுக்கிற அந்த அம்மாவைத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

2014-ல் வந்த ‘மெட்ராஸ்’தான் எங்களுக்குத் திருப்புமுனை. ஹவுசிங் போர்டு குடியிருப்பு, நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு அரசியல்வாதியின் படம். அந்தச் சுவருக்காக ஆட்கள் விழுகிறார்கள். ஊர்ப் படத்தில் நிலம், கோயில், கண்மாய் எந்த இடமோ இங்கே அந்தச் சுவர் அந்த இடம். வேறு சொத்து எதுவும் இல்லாதவர்களுக்குச் சுவரே முதல் மரியாதை. நண்பன் அன்பு கொல்லப்பட்டதும் கதாநாயகன் காளி எதிர்க்கட்சிக்காரனைத்தான் தேடுகிறான். நாமும் அவனைத்தான் தேடுகிறோம். கடைசியில் தெரிகிறது, காட்டிக்கொடுத்தது எதிர்ப்பக்கம் இல்லை, தோளில் கைபோட்டு அரசியல் சொல்லிக்கொடுத்த மாரி. அந்த இடத்தில் என் பக்கத்து சீட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும், ‘அதான பார்த்தேன்’ என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அது செய்தியே இல்லை.

‘வட சென்னை’ இந்த விஷயத்தில் உச்சம். 2018. கொலை முடிந்த கையோடு உட்கார்ந்து பேசும் நாலு பேரோடு படம் தொடங்குகிறது. யாரைக் கொன்றார்கள் என்று நமக்குச் சொல்லவே இல்லை. பாதிப் படம் தாண்டித்தான் அமீர் நடித்த ராஜன் வருகிறார், இவர்களை வளர்த்துவிட்டவர், குப்பத்துக்காக நின்றவர். போலீஸ்காரன் முன்னால் பட்ட அவமானம், காசு, தாங்களும் பெரிய ஆள் ஆக வேண்டும் என்கிற அரிப்பு, இவ்வளவுதான் காரணம். அந்த நாலு பேரில் குணாவும் செந்திலும் பிறகு பிரிந்து இரண்டு கூட்டமாகிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது இரண்டு கூட்டத்தின் பகை. உள்ளே அது ஒரே குற்றத்தின் பங்கு பாகப்பிரிவினை.

அப்புறம் ராஜன் மனைவி சந்திரா. ஆண்ட்ரியா நடித்தது. ஊர்ப் படத்தில் தாலி அறுந்தவள் என்ன செய்வாள்? ஒப்பாரி வைப்பாள், மகனை வளர்ப்பாள், கூந்தலை முடியாமல் சபதம் போடுவாள். வெட்டுவது மகன் வேலை. சந்திரா புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனான செந்திலையே கட்டிக்கொள்கிறாள். அவன் வீட்டில் சமைக்கிறாள், அவனோடு ஒரே கட்டிலில் படுக்கிறாள், வருஷக்கணக்கில் காத்திருந்து அவர்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவுகிறாள். நோட்டில் எழுதாத கணக்கு அது. தமிழ்ப் பழிவாங்கல் படத்தில் இதற்கு இணையான ஆள் எனக்குத் தெரிந்து கிடையாது, ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் படத்தின் கதாநாயகன் அன்பு ஜெயிலில் கேரம் போட்டியின் நடுவே செந்திலைக் குத்துகிற காட்சியைப் பற்றியும் எழுத ஆசை, அது தனிப் பதிலாகிவிடும். கேரம் என்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வியாசர்பாடியிலிருந்து இளவழகி என்ற பெண் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார்.

சண்டைக் காட்சியையே எடுத்தாலும் வித்தியாசம் தெரியும். ஊர்ப் படத்துக்கு இடம் வேண்டும். பொட்டல், சோளக்கொல்லை, நாலு சுமோ பக்கவாட்டில் சறுக்கி நிற்க ஒரு மைதானம். எங்கள் சந்துகளில் ஒரு சுமோ உள்ளே வந்தால் திரும்பி வெளியே போக முடியாது. இங்கே சண்டை மாடிப்படியில், மீன்பாடி வண்டிக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில். ஓடுகிறவன் யார் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்து ஓடுவான். எங்கள் பக்கம் ஆயுதத்தைப் பொருள் என்பார்கள். திட்டம் போடுவதற்கு ஸ்கெட்ச், நடத்தி முடித்தால் சம்பவம். கமுதியில் செய்முறை என்றால் சீர். தண்டையார்பேட்டையில் ‘செஞ்சிடுவேன்’ என்றால் வேறு சீர்.

இரண்டு உலகமும் ஒரே வீட்டுக்குள் வருகிற படம் 2024-ல் தனுஷே எழுதி இயக்கிய ‘ராயன்’. அப்பா அம்மா திரும்பி வராத நாலு பிள்ளைகள் கிராமத்திலிருந்து தப்பிச் சென்னைக்கு லாரி ஏறுகிறார்கள். கைக்குழந்தையான தங்கச்சியைக் காப்பாற்ற அண்ணன் பிள்ளைப் பிராயத்திலேயே ஒரு கொலை செய்தாயிற்று. நகரத்தில் சாப்பாட்டு வண்டி போட்டுப் பிழைக்கிறார்கள். அண்ணன் நெஞ்சில் கமுதிச் சட்டம் ஓடுகிறது, ரத்தம் என்றால் ரத்தம், அவ்வளவுதான். தம்பிகள் வளர்ந்தது இந்த நகரத்தில். அவர்களுக்கு ரத்தமும் பேரத்துக்கு உட்பட்டதுதான். ஊர்ப் படத்தின் அண்ணனை வடசென்னைப் படத்தின் தம்பிகள் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அது ஆகிறது. படம் பின்பாதியில் ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டுகிறது, அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் துஷாரா நடித்த துர்கா இருக்கிறாளே, தங்கச்சி என்றால் அண்ணன் காப்பாற்ற வேண்டிய பொருள் என்று ‘திருப்பாச்சி’ காலத்திலிருந்து ஓடிவந்த கணக்கை அவள் தன் கையாலேயே முடித்து வைக்கிறாள்.

எதில் ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு: ‘தேவர் மகன்’ முதலில், பொறுமையாக. மறுநாள் ‘கில்லி’யும் ‘திருப்பாச்சி’யும் அடுத்தடுத்து. இரண்டும் விறுவிறுப்பாகப் போய்விடும். ரவுடி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் எந்தத் தெருப் பாஷை பேசுகிறான் என்று மட்டும் காது கொடுங்கள். பிறகு ‘பொல்லாதவன்’, ‘மெட்ராஸ்’. ‘சார்பட்டா’வைக் குடும்பத்தோடு பார்க்கலாம், ‘ராயன்’ வேண்டாம், பிள்ளைகள் பயப்படும். ‘வட சென்னை’யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வசனம் வேகமாகப் போகிறது, பெயர்கள் குழம்புகிறது என்று கோயம்புத்தூர்க்காரர்கள் சொல்வார்கள். குழம்பட்டும். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை மற்ற எல்லாரையும் விட்டுவிட்டுச் சந்திரா நிற்கிற இடங்களை மட்டும் பாருங்கள். செந்தில் வீட்டில் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் ஓரமாக எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.